ஐந்தே முக்கால் மரை

கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையத்துக்குப் போகிற வழியில் பன்னீர்மரச் சந்து என்று ஒன்று இருக்கிறது. அதில் பன்னீர்மரமும் கிடையாது, பன்னீர்மரத்தைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய ஆளும் கிடையாது. இருப்பதெல்லாம் இருபத்தியொரு லேத்துப் பட்டறை, ஒரு மாவு மில், ஒரு டீக்கடை, ஒரு பிள்ளையார், அந்தப் பிள்ளையாரின் தலையில் எந்நேரமும் படிந்துகொண்டிருக்கிற இரும்புத் தூசி. குழாய், போல்ட்டு, ஊறுகாய் ஜாடி மூடி, மூக்குத்தித் திருகு என்று திருகி மாட்டுகிற மரை உள்ள அத்தனை சாமானும் ஒரே ராத்திரியில் வெளியுலகத்தோடு உறவை முறித்துக்கொண்ட சந்து அதுதான். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், சிரிப்புக்கு என்ன வரியா கட்டுகிறோம். ஆனால் அந்தச் சந்துக்காரர்களைக் கேட்டால், மரை மாறியதெல்லாம் ஒரு விஷயமா, ராமாத்தாள் கோபித்துக்கொண்டு போனாளே அதுவல்லவா விஷயம் என்பார்கள். அவர்கள் சொல்கிறபடியே போவோம்.

ராமாத்தாளின் புருஷன் சென்னியப்பன் லேத்தில் இரும்பு கடைகிற டர்னர். ஐம்பத்திரண்டு வயதில் முப்பது வருஷம் மரை வெட்டியே கழிந்திருந்தது. கல்யாண வீட்டில் சாம்பார் தண்ணியாக இருந்தாலும் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வருகிற மனுஷன், மரை விஷயத்தில் மட்டும் அரிச்சந்திரனுக்கு அண்ணன். நூலிழை ஆட்டம் இருந்தாலும் போதும், "சேரலைங்க" என்று சொல்லிவிட்டுச் செய்த வேலையைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார். அவர் "சேந்துருச்சு" என்று சொன்னதை எந்தக் கம்பெனியும் மறுபடி அளந்து பார்த்ததில்லை. கேட்லாக்கில் இல்லாத மரை, எந்த நாட்டுக்காரன் போட்டான் என்று தெரியாத மரை, தேய்ந்து பாதி போன மரை, இதெல்லாம் அவரிடம்தான் வரும்.

அப்படிப்பட்டவர் கார்த்திகை மாசத்தில் ஒரு நாள், மூடிப்போன பஞ்சாலையிலிருந்து பன்னிரண்டு அடி நீள லேத்து ஒன்றை வாங்கி வந்துவிட்டார். பெயர்ப்பலகை இல்லை, ஊர் பேர் இல்லை, அனாதை. லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுற்றுவதற்கு சக் வேண்டும்; சக்கை லேத்தின் சுற்றுகிற தண்டான ஸ்பிண்டிலின் மூக்கில் மாட்டுவதற்கு நடுவில் பேக் பிளேட் என்று ஒரு கனத்த வட்டத் தட்டு வேண்டும்; அந்தத் தட்டின் உள்மரையும் மூக்கின் வெளிமரையும் மாமன் மச்சான் மாதிரி ஒட்டிப் போகவேண்டும். இந்த லேத்துக்கு அந்தத் தட்டு இல்லை. பஞ்சாலையில் தேடினார்கள், பழைய இரும்புக் கடைகளில் தேடினார்கள், எந்தத் தட்டும் அந்த மூக்கில் அரைச் சுற்றுக்குமேல் ஏறவில்லை. "இந்த மூக்குக்குச் சம்பந்தி ஊடே கெடையாதப்பா" என்று சொல்லிவிட்டார் எதிர்ப் பட்டறைச் சடையப்பன். அவர் கியருக்குப் பல் வெட்டுகிறவர், வாய்க்கும் பல் அதிகம். அதைக் கேட்டதும் சென்னியப்பனுக்கு ஆசை தலைக்கேறிவிட்டது.

லேத்து வந்த அன்று பட்டறைக்குள் ஒன்பதரை அடிதான் போயிற்று. பட்டறைக்குப் பின்சுவர், அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் ராமாத்தாளின் சமையலறை. சென்னியப்பன் யாரையும் கேட்கவில்லை, கொத்தனாரைத்தான் கேட்டார். ராமாத்தாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திருநீறோடு திரும்பி வந்தபோது சுவரில் ஆளுயர ஓட்டை, ஓட்டை வழியாக லேத்தின் தலை நுழைந்து அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது, அந்த மூக்கின் முன்னால் அவள் புருஷன் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தால் மரையை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணிக்கொண்டிருந்தார்.

ராமாத்தாள் வாயாடி அல்ல. இருபத்துநாலு வருஷ சமுசாரத்தில் ராத்திரி பத்து மணிவரை லேத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டவள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபின் அந்தச் சமையலறை ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

"ஏனுங், இந்த ஊட்டுல ஒண்ணு அது இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும். எதுன்னு நீங்களே சொல்லிருங்" என்றாள்.

சென்னியப்பன் தலையைத் தூக்காமல், "சித்தெ இரு புள்ள, எண்ணிக்கிட்டிருக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான். உலகத்தில் எத்தனையோ வீடுகள் பெரிய பெரிய வார்த்தையால் உடைந்திருக்கின்றன. அந்த வீடு "எண்ணிக்கிட்டிருக்கறேன்" என்கிற வார்த்தையால் உடைந்தது. ராமாத்தாள் விசுக்கென்று திரும்பின வேகத்தில் இடது காதுத் தோட்டின் திருகாணி கழன்று தெறித்து லேத்துக்கு அடியில் ஓடிவிட்டது. குனிந்து தேட அவளுக்கு மனசு வரவில்லை. தோடு விழாமலிருக்க அதன் தண்டில் வெள்ளை நூலைச் சுற்றிக்கொண்டு, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, நெகமத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். சென்னியப்பன் எண்ணி முடித்து நிமிர்ந்தபோது பஸ் பொள்ளாச்சி ரோட்டைப் பிடித்திருந்தது.

எண்ணின கணக்கு என்னவென்றால், அங்குலத்துக்கு ஐந்தே முக்கால் மரை. ஐந்து உண்டு, ஐந்தரை உண்டு, ஆறு உண்டு. ஐந்தே முக்காலை எந்தப் புத்தகமும் ஒத்துக்கொள்ளாது. அளவுத் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் அடியில் வெளிச்சம் தெரிந்தது, ஒன்றும் ஒட்டவில்லை. அந்த மரையை வெட்டவேண்டுமானால் அவரது பழைய லேத்தில் நாற்பத்தாறு பல் கியர் ஒன்று மாட்டவேண்டும், அப்படி ஒரு கியர் ஊரில் இல்லை. சடையப்பன் அதை வெட்டிக் கொடுத்தார், கொடுக்கும்போது, "பொண்டாட்டி போயிட்டா, நீ பல்லு எண்ணிக்கிட்டிரு. உனக்கு நெசமாவே மரை கழண்டு போச்சுடா சென்னீ" என்றார். சென்னியப்பன் கியரை வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் பேச ஆளில்லாததால் கோபத்தையும் வருத்தத்தையும் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தார். முதலில் மூக்கைப்போலவே ஒரு மாதிரி மூக்கு செய்துகொண்டு, வார்ப்படத் தட்டை மாட்டி, உள்ளே முடி முடியாக அரிந்து, மாதிரியை வைத்துப் பார்ப்பதும் "சேரலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் மறுபடி அரிவதுமாக ஒன்பது நாள் ஓடியது. இரண்டு தட்டு மூலைக்குப் போயிற்று. மூன்றாவது தட்டை ஒன்பதாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் தூக்கிக்கொண்டுபோய் அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று மூக்கில் வைத்துத் திருப்பினார்.

அது முணுமுணுக்காமல் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றிச் சுற்றி உள்ளே போய்க் கடைசியில் தோளில் "டப்" என்று உட்கார்ந்தது. அந்த டப் சத்தம் இருபத்தியொரு பட்டறைக்கும் கேட்டது. மாவு மில்லில் பேபியம்மாளின் மூக்குத்தி லேசாகக் கிச்சுக்கிச்சு மூட்டியது, டீக்கடை ஹம்சாவின் சர்க்கரை டப்பா மூடி கால் சுற்று தானாகச் சுற்றி நின்றது, பிள்ளையார் கோயில் குழாய் ஒரு சொட்டுப் போட்டுவிட்டு யோசித்து நிறுத்திக்கொண்டது. "சேந்துருச்சு" என்று சென்னியப்பன் சொன்னார். கேட்க ஆளில்லை. அவருக்கு அழுகை வந்தது, அழுதார், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பழைய சோற்றைச் சாப்பிட்டார்.

ஒரு வாரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஏனென்றால் போல்ட்டும் நட்டும் சேர்ந்தே மாறியிருந்தன, ஜாடியும் மூடியும் சேர்ந்தே மாறியிருந்தன. பெரியதில் பெரிதாகவும் சின்னதில் சின்னதாகவும் அதே சாய்வு, அதே ஐந்தே முக்காலின் நடை. அம்மண ஊரில் கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன் என்பதுபோல், வெளியிலிருந்து ஒரு போல்ட்டு வந்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. சடையப்பன் டவுனில் வாங்கி வந்த புது போல்ட்டு எந்த நட்டிலும் ஏறவில்லை. கடைக்காரனைத் திட்டினார். மறுநாள் காலையில் அதே போல்ட்டை எடுத்து வைத்தார், வழுக்கிக்கொண்டு ஏறியது. நேற்றுத் திட்டியதற்கு இன்றைக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் டீக்கடையில் வந்து உட்கார்ந்தார்.

"ராத்திரி இங்க படுத்து எந்திரிச்சா மாறிருதப்பா" என்றார்.

"மனுசனும் அப்படித்தானே சடையண்ணா" என்றார் ஹம்சா, டீயை ஆற்றிக்கொண்டே. "ஞான் பாலக்காட்டுலேர்ந்து வந்தப்ப ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஒரு ராத்திரி இங்க படுத்தேன், காலைல எந்திரிச்சு உங்களைத் திட்டினேனே, மறந்துட்டீங்களா?"

அதோடு சந்து அதை ஏற்றுக்கொண்டது. பயப்படவில்லை, பேப்பர்காரனைக் கூப்பிடவில்லை. டர்னர்கள் கூடும் இடத்தில் அளவு மாறியது என்றால் அடுத்த கேள்வி, எவ்வளவு மாறியது என்பதுதான். அளந்தார்கள். ஐந்தே முக்கால் என்றதும் எல்லோரும் திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து போய், ஊருக்குக் கெடுதல் என்றால் வேண்டாம் என்று பேக் பிளேட்டைக் கழற்றினார். இரண்டு நாள் பார்த்தார்கள், ஒன்றும் பழையபடி திரும்பவில்லை. "கழட்டினதுல என்ன லாபம், மாட்டிப்போடு" என்றார்கள். மாட்டினார்.

சிக்கல் இல்லாமலில்லை. பம்பு கம்பெனிக்குச் செய்துவைத்த போல்ட்டுகள் ராத்திரி பட்டறையில் தங்கியதால் மொத்தமாகத் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு சந்தில் ஒரு சட்டம் தானாக உண்டாயிற்று: மரை போட்ட சாமான் எதுவும் பொழுது சாய்வதற்குள் சந்து முக்கைத் தாண்டிவிட வேண்டும். ஐந்து மணிக்கு வண்டி வந்து நிற்கும், ஐந்தரைக்குப் போய்விடும், அதன்பின் மரை வெட்டினால் வீண். முப்பது வருஷமாக நாளைக்கு நாளைக்கு என்று கம்பெனிகளை இழுத்தடித்த சந்து ஒரே மாசத்தில் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குச் சரக்குத் தருகிற சந்தாயிற்று. கம்பெனிக்காரர்கள் இதைத்தான் பெரிய அற்புதம் என்றார்கள். ஆறு மணிக்கு லேத்துகள் நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் முதல் வாரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, இரண்டாம் வாரம் ஆண்கள் வீட்டுக்குப் போனார்கள், மூன்றாம் வாரம் தங்கள் பிள்ளைகள் எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சுந்தரமூர்த்தி என்கிற டர்னர் தன் மனைவிக்கு நன்றாகப் பாட வரும் என்பதைப் பதினெட்டு வருஷம் கழித்துக் கண்டுபிடித்து, அதைச் சந்து முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கோயில் குழாயைத் திருடிக்கொண்டு போன ஒருவன் அது எந்த வீட்டிலும் மாட்டாமல் எந்தக் கடையிலும் விலைபோகாமல் நான்காம் நாள் கொண்டுவந்து பிள்ளையார் காலடியில் வைத்துவிட்டுப் போனான். விருந்தாளியாக, ஒறம்பரையாக வந்து ராத்திரி தங்கினவர்களின் மோட்டார் சைக்கிள்கள் காலையில் மாறிவிட்டதால், ஒரு மரை கழன்றாலும் அவர்கள் திரும்பத் திரும்ப இந்தச் சந்துக்கே வரவேண்டியிருந்தது. வந்தவர்கள் டீ குடித்தார்கள், டீ குடித்தவர்கள் பேசினார்கள், இரண்டு கல்யாணம் நிச்சயமாயிற்று. வெளியில் இருக்கிறவர்கள் "மரை கழண்ட சந்து" என்று பெயர் வைத்தார்கள். "எங்களுக்கு ஒண்ணும் கழலலை, உங்களுக்குத்தான் ஏறலை" என்று பதில் போயிற்று.

இத்தனை சந்தோஷத்துக்கும் நடுவில் காரணகர்த்தாவின் வீட்டில்தான் அடுப்பு எரியவில்லை.

மாவு மில் பேபியம்மாளுக்கும் நெகமம் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் தாயைப் பார்க்கப் போவாள். மார்கழி முதல் ஞாயிறு திரும்பி வந்தவள் சென்னியப்பனின் பட்டறை வாசலில் நின்றாள்.

"ஏனுங்ண்ணா, ராமாத்தாக்காவோட திருகாணி லேத்துக்கு அடியில கெடக்குதாமா. அதை மட்டும் குடுத்தனுப்பச் சொன்னாங்க. தை மாசக் கடைசியில அண்ணன் மகனுக்குக் கண்ணாலமுங்க. கட்டின புருசன் குத்துக்கல்லாட்ட இருக்கையில மூளிக்காதோட மணவறையில நிக்க முடியாதுன்னு சொன்னாங்க."

குத்துக்கல் தரையில் படுத்துத் துழாவித் திருகாணியை எடுத்தது. அந்தத் தோடு ராமாத்தாளின் அம்மா போட்டிருந்த ஏழு கல் தோடு. அதைச் செய்த ஆசாரி கையால் மரை போட்டவர். வலது காதுத் திருகாணி இடது காதுக்குச் சேராது, அந்த ஆசாரி போய்ச் சேர்ந்து இருபது வருஷமாயிற்று. சென்னியப்பன் திருகாணியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஐந்தே முக்காலின் நடை. கொடுத்தனுப்பினால் சேராது என்று தெரிந்தது, ஆனாலும் அவள் கேட்டதை இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு அது போன வேகத்தில் திரும்பி வந்தது.

"வேணுமின்னே வேற திருகாணியக் குடுத்து உட்டுருக்கறாருன்னு அக்காவுக்குச் சாமி வந்துருச்சுங்ண்ணா."

"அதே திருகாணிதான் பேபி. இங்க அத்தனையும் மாறிருச்சுன்னு சொல்லு. அந்த ஒத்தத் தோட்டை ஒரே ஒரு ராத்திரி இங்க குடுத்து வெக்கச் சொல்லு. அது மாறிக்கும், காலைல சேந்துரும்."

அதற்கு வந்த பதில்: "எங்கம்மா தோடு அந்த லேத்துக்கூட ஒரே ஊட்டுல படுக்காது."

நெகமத்து ஆசாரி ஒருவர் தண்டை வெட்டிவிட்டுப் புதிதாக வைத்துத் தருகிறேன் என்றாராம். அம்மா தோட்டில் கத்தி வைக்கவிடமாட்டேன் என்று ராமாத்தாள் எழுந்து வந்துவிட்டாளாம். ஆக நூல்தான் கதி. நூல் அழுக்கானால் அவிழ்த்துப் புது நூல் சுற்றிக்கொண்டாள், தோடு காதைவிட்டு இறங்கவில்லை.

ஆனால் பேபியம்மாள் ஞாயிறுதோறும் கொண்டுவந்த செய்திகள் மெல்ல மெல்ல நிறம் மாறின. முதலில், "அந்தச் சனியன் ஓடுதான்னு கேட்டாங்க." பிறகு, "மேல் அலமாரியில துவரம்பருப்பு இருக்குதாமா, வண்டு புடிச்சிருக்கும், வெயில்ல போடச் சொன்னாங்க." பிறகு, "மழை பேஞ்சா அந்தச் செவுத்து ஓட்டையில தண்ணி வருதா, சாக்குக் கட்டினாரான்னு கேட்டாங்க." பொங்கல் கழிந்த ஞாயிறு, "ஆறு மணிக்கு லேத்தெல்லாம் நின்னு போயிருதுன்னு சொன்னேனுங்ண்ணா. அக்கா நம்பலை. அப்பறம் ரொம்ப நேரம் கழிச்சு, ஆறு மணிக்கு நின்னா அந்த மனுசன் ஆறுல இருந்து பத்து வரைக்கும் என்ன பண்றாருன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"சும்மா உக்காந்திருக்காருன்னு சொன்னேன்."

உண்மை அதுதான். சந்து முழுக்கத் தாளிக்கிற வாசமும் பாட்டும் சிரிப்புமாக இருக்கிற நேரத்தில் அவர் சமையலறையில் லேத்தின் தலைக்கு எதிரில் மணை போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆசைப்பட்ட லேத்து, யாராலும் வெட்டமுடியாத மரை, ஊரெல்லாம் தன் பேர். அதை யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவாரோ அவள் இல்லை. தான் தேடித் தேடிச் சேர்த்துவைத்தது ஒன்று, அது சேர்கிற சமயத்தில் கழன்றுபோனது வேறொன்று என்று அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

முகூர்த்தத்துக்கு எட்டு நாள் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை மதியம், ராமாத்தாள் தன்னை அழைத்துவரப் போயிருந்த பேபியம்மாளோடு வந்து இறங்கினாள். அண்ணி பிடித்துத் தள்ளியிருக்கிறாள்: கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் காதைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று. சந்து முக்கிலேயே ராமாத்தாள் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொல்லிவிட்டாள்.

"தோட்டுக்காகத்தான் வந்தேன். ஒரே ராத்திரி. அதுவும் பேபி ஊட்டுல படுத்துக்கறேன். காலைல திருகாணி மாட்டிக்கிட்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன்."

ஒரே ராத்திரி. சந்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அந்த ஒரு ராத்திரிக்குள் என்ன செய்து அவளை நிறுத்துவது என்று டீக்கடையில் மளமளவென்று யோசனை ஓடியது. ராத்திரிச் சாப்பாடு யார் வீட்டில், சுந்தரமூர்த்தி மனைவி எத்தனை பாட்டுப் பாடுவது, பேபியம்மாள் எந்த இடத்தில் பேச்சை எடுப்பது என்பதெல்லாம் நிச்சயமானது. இருபத்தியொரு பட்டறையும் வேலையை நிறுத்திவிட்டு, வேலை செய்கிறமாதிரி துடைத்துக்கொண்டிருந்தன.

ராமாத்தாள் பட்டறைக்குள் வந்தாள். சென்னியப்பன் இளைத்திருந்தார். அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வாசல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நூலு கட்டினதுல காது புண்ணாயிருச்சுங். எப்படி இருக்குதுன்னு பாருங்" என்றாள்.

அவர் நூலை அவிழ்த்தார். சட்டைப்பையில் தீப்பெட்டிக்குள் வைத்திருந்த திருகாணியை எடுத்தார். இன்றைக்குச் சேராது, நாளைக் காலையில்தான் சேரும் என்று சந்தில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆனால் சேராது என்று தெரிந்தாலும் ஒரு தடவை வைத்துப் பார்ப்பது டர்னரின் கைப்பழக்கம். வைத்தார். திருப்பினார்.

அது முணுமுணுக்காமல் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று.

சென்னியப்பனின் கை அப்படியே நின்றது. இந்தத் தோடு இரண்டரை மாசமாக அவள் காதைவிட்டு இறங்கவில்லை. நெகமத்தில் அவள் எங்கே தலை சாய்த்தாளோ அங்கேதான் அதுவும் படுத்திருக்கிறது. இந்தச் சந்தில் ஒரு ராத்திரி தங்காத எதுவும் மாறியதில்லை, குண்டூசித் தலையளவு திருகுகூட மாறியதில்லை. அப்படியானால் உடம்பை அண்ணன் வீட்டுப் பாயில் போட்டுவிட்டு, பருப்பில் வண்டு விழுந்ததா, ஓட்டையில் சாக்குக் கட்டினாரா, ஆறு மணிக்குமேல் என்ன செய்கிறார் என்று எண்ணிக்கொண்டே இவள் எத்தனை ராத்திரி எங்கே படுத்திருக்கிறாள்?

கூடவே இன்னொன்றும் உறைத்தது. சேர்ந்துவிட்டது என்று சொன்னால் அவளுக்குத் தங்குவதற்குக் காரணமில்லை. இப்போதே மூன்று மணி பஸ் இருக்கிறது. அதோடு, சந்து முழுக்க வாசலில் நிற்கிறது; அவள் மனசு இத்தனை நாள் எங்கே கிடந்தது என்பது அத்தனை பேருக்கும் அம்பலமாகிவிடும். ராமாத்தாளுக்கு அது சாவு.

"என்னங்ண்ணா?" என்றாள் பேபியம்மாள் வாசலிலிருந்து.

சென்னியப்பன் மூன்று சுற்றையும் திருப்பிக் கழற்றினார். திருகாணியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். முப்பது வருஷமாக எந்த முதலாளிக்காகவும் எந்தக் கம்பெனிக்காகவும் சொல்லாத பொய்யை, நாக்கு ஒருமுறை தடுக்கிவிட்டு, சொன்னார்.

"சேரலை."

பக்கவாட்டு ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சடையப்பன் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற ஹம்சா, டீக்குத் தொட்டுக்கொள்கிற மொறுமொறு வர்க்கி ஒன்றை முழுசாக அந்த வாய்க்குள் வைத்து அழுத்தினார்.

ராமாத்தாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டர்னர் பொண்டாட்டியாக இருபத்துநாலு வருஷம் இருந்தவள். கண்ணை மூடிக்கொண்டே எது ஏறுகிறது எது சிக்குகிறது என்று சத்தத்தில் சொல்லுகிறவள். திருகாணி மூன்று சுற்றுச் சுற்றி வந்து காது மடலில் சில்லென்று உட்கார்ந்தது அவள் காதுக்குத் தெரியாதா? மெதுவாகத் திரும்பிப் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அந்த முகம் நெற்றியிலிருந்து கழுத்துவரை வேர்த்திருந்தது.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன் புள்ள. சேரலை."

"ஒரு ராத்திரி வெச்சா ஆகுமா?"

"அது பழைய மரை. கைமரை வேற." அவர் திருகாணியைத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடினார். "ஒரு ராத்திரி பத்தாது. ரொம்ப நாள் ஆகும்."

ராமாத்தாள் அவிழ்த்துப் போட்ட நூலை எடுத்துத் தானே தண்டில் சுற்றிக்கொண்டாள்.

"நீங்களே சேரலைன்னு சொன்னதுக்கப்பறம் வேற யாரு வந்து அளக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து, பேபியம்மாளின் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் கேட்டது, இருபத்தியொரு பட்டறைக்கும் கேட்கிற குரல்.

"ஏனுங், இந்தச் சனியனை ஒரு மொழம் அக்கட்டால தள்ளுங், அடுப்புப் பத்த வெக்கோணும்!"

லேத்து இரண்டு டன் இருக்கும். சென்னியப்பன் வாசலைப் பார்த்தார். சந்து மொத்தமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது, முன்னால் கடப்பாரையோடு சடையப்பன், வாயில் இன்னும் பாதி வர்க்கி.